முதல் மடக்குக்கத்தி: எதைப் பார்த்து வாங்குவது?

தம்பி மகன் கைப்பேசியை நீட்டி, "பெரியப்பா, இது எப்படி?" என்றான். திரையில் கன்னங்கரேலென்று ஒரு மடக்குக்கத்தி. முதுகில் ரம்பப் பல், பிடியின் அடியில் கண்ணாடி உடைக்கும் கூம்பு, நடுவில் ஒரு மண்டையோடு வேறு. "இதை வைத்து என்ன அறுக்கப் போகிறாய்?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எல்லாம்தான்" என்றான்.

அவனுக்குப் பாபநாசம் பக்கம் ஓர் உரக்கடையில் வேலை. விடிகாலையிலும் அந்தியிலும் அப்பாவோடு வாழைக்கொல்லை. அந்த "எல்லாம்" என்னென்ன என்று ஒரு நாள் முழுக்க எண்ணிக்கொண்டு வரச் சொன்னேன். மறுநாள் வந்து ஒப்பித்தான். உர மூட்டையின் தையல் நூல் நான்கு தடவை. (நுனி சரியாக மாட்டினால் ஓர் இழுப்பில் சரசரவென்று பிரிந்துவிடும். மாட்டுவதுதான் இல்லை.) பார்சல் டேப் இரண்டு. சொட்டுநீர்க் குழாயில் ஒரு வெட்டு. முட்டுக் கொடுத்த வாழையில் சணல் கயிறு. ஒரு கொய்யாப்பழம். ஒரு பூச்சிமருந்துப் பாக்கெட்.

கடைசி இரண்டையும் ஒரே கத்தியால் செய்தாயா என்று கேட்டேன். பதில் இல்லை. அதைப் பிறகு பார்ப்போம்.

இந்தப் பட்டியலில் எதற்கும் நான்கு விரல் அகலத்துக்கு மேல் நீளமான அலகு வேண்டியதில்லை. தார் வெட்டவும் தேங்காய் உரிக்கவும் கதிர் அறுக்கவும் டெல்டாவில் தனித்தனிக் கருவி இருக்கிறது. வெட்டரிவாள் செய்யும் வேலையை மடக்குக்கத்தியிடம் கொடுத்தால் மடக்கும் இடம் ஆடிப்போகும், அவ்வளவுதான். பையில் கிடக்கும் கத்தி சில்லறை வேலைகளுக்கானது. ஆகவே முதல் கத்தி வாங்குபவர் கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டியது இந்த ஒரு நாள் கணக்குதான். மற்றதெல்லாம் அதிலிருந்து தானாக வரும்.

பூட்டு

மடக்குக்கத்தி என்பது நடுவில் ஒடிந்த கத்தி. ஒடிந்த இடத்தில் ஓர் ஆணி. விரித்த அலகு விரித்தபடி நிற்க என்ன ஏற்பாடு என்பதில்தான் ஒரு கத்திக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம்.

பழைய பேனாக்கத்தியில் பூட்டே கிடையாது. பிடியின் முதுகில் ஓடும் எஃகுப் பட்டை ஒரு வில் போல அலகின் அடிப்பகுதியை அழுத்திக்கொண்டிருக்கும். விரிக்கும்போது 'டக்' என்று நிற்பதும், மடக்கும்போது 'டக்' என்று உள்ளே விழுவதும் அந்த வில்லின் வேலை. நாம் சுவிஸ் கத்தி என்று சொல்லும் விக்டோரினாக்ஸின் சிறிய வகைகள் பெரும்பாலும் இப்படித்தான். 1884இல் இபாக் என்ற ஊரில் கார்ல் எல்ஸெனர் தொடங்கிய பட்டறை அது. டப்பா உணவைத் திறக்கவும் துப்பாக்கியின் திருகாணியைக் கழற்றவும் சுவிட்சர்லாந்து ராணுவத்துக்குக் கத்தி செய்து கொடுத்துத்தான் பெயர் வாங்கியது. வில்லை மட்டும் நம்பும் கத்தியில் ஒரு விதி உண்டு: வாய்ப்பக்கம் அழுத்தி அறுக்கலாம், முனையால் குத்தவோ குடையவோ கூடாது. குத்தும்போது அலகின் முதுகில் விசை விழுந்தால் கத்தி மடங்கும்; அது மடங்கும் வழியில் இருப்பது நம் விரல்.

இரண்டாவது, முதுகுப் பூட்டு. அதே முதுகுப் பட்டைதான். ஆனால் அதன் நுனியில் ஒரு பல் இருக்கும். விரித்ததும் அது அலகின் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். பிடியின் முதுகை அமுக்கினால்தான் விடும். உறுதியானது. ஒற்றைக் கையால் மடக்கப் பழக்கம் வேண்டும்.

மூன்றாவது, உள்தகட்டுப் பூட்டு. இப்போது இணையத்தில் விற்கும் கத்திகளில் பாதிக்கு மேல் இதுதானோ என்று தோன்றும். பிடிக்குள் இருக்கும் மெல்லிய உலோகத் தகடு, அலகு விரிந்த மறுகணம் பக்கவாட்டில் வளைந்து அதன் அடியில் முட்டுக் கொடுக்கும். கதவுக்குப் பின்னால் கட்டையை வைப்பது மாதிரி. கட்டைவிரலால் தகட்டைத் தள்ளி மடக்க வேண்டும். தள்ளும் கட்டைவிரல் சரியாக அலகு வரும் பாதையில் நிற்கிறது என்பதை முதல் வாரத்தில் மறக்கவே கூடாது. அலகு கொஞ்சம் அசைந்ததும் விரலை எடுத்துவிட்டுப் பிறகு முழுக்க மடக்க வேண்டும். இன்னொரு சங்கதி, பெரும்பாலானவை வலக்கைக்காரர்களுக்காகச் செய்தவை. இடக்கைக்காரர்கள் கையில் எடுத்துப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

நான்காவது, வளையப் பூட்டு. பிரான்ஸ் நாட்டில் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் 1890இல் குடியானவர்களுக்காகச் செய்த மரப்பிடிக் கத்தி இதற்குப் பேர்போனது. திருகிப் பூட்டும் வளையம் 1955இல்தான் வந்தது. அலகை விரித்து வளையத்தைத் திருப்பினால் முடிந்தது. பூட்டியிருக்கிறதா இல்லையா என்பது கண்ணுக்கே தெரியும். பார்த்தாலும் கத்தி மாதிரி இருக்குமே தவிர ஆயுதம் மாதிரி இருக்காது. எனக்குப் பிடித்த கத்தி இது. ஆனால் நம் ஊரில் ஒரு சிக்கல் உண்டு. ஐப்பசி கார்த்திகையில் விடாமல் மழை அடிக்கும்போது அந்த மரப்பிடி ஈரம் குடித்து உப்பும். உப்பினால் அலகைப் பிடித்துக்கொள்ளும், நகத்தால் இழுத்தால் நகம்தான் பெயரும். பிடியின் பின்முனையை மேசையில் ஒரு தட்டுத் தட்டினால் அலகு தலையைக் காட்டும். அந்த ஊர்க்காரர்கள் செய்வதும் இதைத்தான். பஞ்சால் கொஞ்சம் எண்ணெய் ஊட்டி வைத்தால் ஈரம் குடிப்பது குறையும்.

சேற்றுக்கும் மணலுக்கும் எது தாங்கும் என்று கேட்டால், உள்ளே எவ்வளவுக்கெவ்வளவு பாகங்கள் குறைவோ அவ்வளவுக்கு நல்லது என்பேன். உள்தகட்டுப் பூட்டின் சந்தில் சேறு காய்ந்து நின்றால் தகடு முழுக்க வந்து உட்காராது. பூட்டிவிட்டது என்று நினைத்து அழுத்துவோம், அது பாதிதான் பூட்டியிருக்கும்.

எஃகு

கடைக்காரர் அதிகம் பேசுவதும் வாங்குபவர் அதிகம் குழம்புவதும் இங்கேதான். விஷயம் அவ்வளவு கஷ்டம் இல்லை.

இரும்பில் கொஞ்சம் கரி சேர்ந்தால் எஃகு. கரி கூடினால், காய்ச்சித் தோய்த்துப் பதம் ஏற்றும்போது கடினமும் கூடும். கடினமானால் கூர் நீடிக்கும். ஆனால் அளவுக்கு மீறினால் வாய் சில்லுச்சில்லாகப் பெயரும், தீட்டுவதற்கும் மல்லுக்கட்ட வேண்டும். குரோமியம் சேர்த்தால் துரு தடுக்கும். பத்தரை சதவீதத்துக்கு மேல் இருந்தால் துருப்பிடிக்காத எஃகு, அதாவது ஸ்டெயின்லெஸ் என்பார்கள். குரோமியம் காற்றோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் போட்டு மூடிக்கொள்கிறது. அந்தப் படலம்தான் காவல்.

குரோமியம் இல்லாத கரி எஃகை நாம் பிறந்ததிலிருந்து பார்த்து வருகிறோம், வீட்டு அரிவாள்மணைதான். வாழைப்பூவும் வாழைக்காயும் நறுக்கினால் அலகு கறுத்துவிடும். நறுக்கிய துண்டு கறுக்காமல் இருக்க அம்மா மோர் கலந்த தண்ணீரில் போடுவார். வாழையின் துவர்ப்பில் இருக்கும் டேனின் இரும்போடு சேர்ந்தால் நீலக்கறுப்பு நிறம் எடுக்கும். கடுக்காயிலிருந்து மை செய்ததும் இந்தக் குணத்தால்தான். கரி எஃகில் ஒரு பையடக்கக் கத்தி வாங்கி வாழைக்கொல்லையில் உபயோகித்தால் ஒரே வாரத்தில் அது சாம்பல் பூத்துவிடும். அந்தக் கறை கெடுதல் இல்லை, கொஞ்சம் பாதுகாப்பும்கூட. செம்பழுப்பாகப் பொருக்கு விடுவதுதான் கெடுதல். ஒரு ராத்திரி ஈரத்தோடு மடக்கி வைத்தால் அது வந்துவிடும்.

அலகில் பொறித்திருக்கும் குறிகளைப் பார்த்து மிரள வேண்டாம். சீனாவிலிருந்து வரும் கத்திகளில் '8சிஆர்13எம்ஓவி' என்று இருக்கும். முன்னால் உள்ள 8 கரி சுமார் 0.8 சதவீதம் என்கிறது. 13 என்பது குரோமியத்தின் சதவீதம். தொடக்கக்காரருக்குப் போதுமான எஃகு, சாதாரணக் கல்லிலேயே தீட்ட வரும். '12சி27' சுவீடன் நாட்டு எஃகு. ஒப்பினெலின் துருப்பிடிக்காத வகையில் இருப்பது. இதுவும் தீட்ட எளிது, ஈரத்தையும் தாங்கும். 'டி2' என்று ஒன்று இப்போது எங்கும் கிடைக்கிறது. கூர் நன்றாக நிற்கும். ஆனால் அதன் 12 சதவீதக் குரோமியத்தில் பெரும்பகுதி கரியோடு கட்டுண்டு போய்விடுவதால் துருவைத் தடுக்க மிச்சம் இருப்பது கொஞ்சமே. காய்ந்த ஊரில் சரி. வருஷத்தில் மூன்று மாதம் சட்டையே காயாத ஊரில் புள்ளி புள்ளியாகத் துரு ஏறும். 'சர்ஜிக்கல் ஸ்டீல்', 'மிலிட்டரி ஸ்டீல்' என்று மட்டும் அச்சடித்து வேறு எதுவும் சொல்லாத அட்டைப்பெட்டியைக் கீழே வைத்துவிடலாம்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து வாசகர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உப்பு அந்தக் குரோமியப் படலத்தையே துளைக்கும். ஸ்டெயின்லெஸ்தானே என்று விட்டுவிட்டால் குண்டூசி முனை அளவு குழி விழும். நல்ல தண்ணீரில் அலசித் துடைத்து வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கடினத்தை ராக்வெல் சி என்ற அளவால் சொல்வார்கள். பையடக்கக் கத்திகள் பெரும்பாலும் 54க்கும் 62க்கும் நடுவில் இருக்கும். விக்டோரினாக்ஸ் 56ஐ ஒட்டி நிற்கிறது. 'சாஃப்ட் எஃகு' என்று அதைக் கேலி செய்பவர்கள் உண்டு. சீக்கிரம் மழுங்கும், உண்மைதான். ஐந்தே நிமிஷத்தில் மறுபடி கூர் ஏறும் என்பதும் உண்மை. முதல் கத்திக்கு இந்த இரண்டாவது உண்மைதான் பெரிது என்பது என் கட்சி. தீட்டத் தெரியாதவர் கையில் விலையுயர்ந்த எஃகும் ஆறு மாதத்தில் வெண்ணெய்க் கத்திதான்.

நீளம், வடிவம், சட்டம்

அலகு ஆறிலிருந்து எட்டு சென்டிமீட்டர். அதற்கு மேல் ஆசைதான், தேவை இல்லை. ஒப்பினெலில் எல்லோரும் வாங்கும் எட்டாம் எண் 8.5 சென்டிமீட்டர், அதுவே கொஞ்சம் தாராளம். வடிவத்தில் முனை மெல்ல இறங்கி வரும் சாதாரண அலகு போதும். ரம்பப் பல் வைத்த வாய் கயிற்றை நன்றாக அறுக்கும், ஆனால் வீட்டுக் கல்லில் தீட்ட முடியாது. இருபக்கக் கூர் வேண்டவே வேண்டாம்.

சட்டத்தைப் பொறுத்தவரை, 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வரும் விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை ஆயுதப் பட்டியலில் வைக்கின்றன. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்தவற்றுக்கு அதில் விலக்கு உண்டு. மூன்று அங்குல மடக்குக்கத்தி அந்த அளவின் பக்கத்திலேயே வராது. அதற்காக எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம் என்று அர்த்தம் இல்லை. திருச்சி விமான நிலையத்தில் கைப்பையில் இருந்தால் போய்விடும். பதிவுசெய்து அனுப்பும் பெட்டியில் வைக்க வேண்டும். நீதிமன்றம், தேர்தல் கூட்டம், சோதனை போட்டு உள்ளே விடும் கோயில் எல்லாவற்றுக்கும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது உத்தமம். சைக்கிளில் பண்ணரிவாள் செருகிக்கொண்டு போகும் பெரியவரை எங்கள் ஊரில் யாரும் நிறுத்துவதில்லை. மண்டையோடு போட்ட கறுப்புக் கத்தியோடு ராத்திரி பத்து மணிக்கு நிற்கும் இருபது வயதுப் பையனை நிறுத்துவார்கள். அமுக்கினால் தெறித்துத் திறக்கும் பட்டன் கத்தியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பார்த்தவர் கண்ணுக்குப் பழம் நறுக்கும் கத்தியாகத் தெரிவதே வாங்க வேண்டிய கத்தி.

எங்கே வைத்துக்கொள்வது?

வெளிநாட்டுக் கத்திகளில் இருக்கும் கிளிப் ஜீன்ஸ் பையின் ஓரத்தில் மாட்டுவதற்காகச் செய்தது. வேட்டி கட்டுபவருக்கு அதை மாட்ட இடம் இல்லை. மடியில் செருகினால் உட்காரும்போது நழுவும். சட்டைப் பையில் வைத்தால் குனியும்போது விழும். என் முதல் கத்தி அப்படித்தான் வாய்க்காலுக்குப் போனது. மடையைத் திறக்கக் குனிந்தேன், 'பொளக்' என்றது, முழங்கால் சேற்றில் அரை மணி நேரம் துழாவியதுதான் மிச்சம். இப்போது டிராயர் பையில் வைக்கிறேன், பிடியின் ஓட்டையில் ஒரு சாண் சிவப்புக் கயிறு கட்டி. சேற்றில் விழுந்தாலும் கயிறு கண்ணில் படும். கயிறு கட்ட ஓட்டையோ வளையமோ இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எடை நூறு கிராமுக்குள் இருந்தால்தான் தினமும் எடுத்துப் போவீர்கள்.

பிடி எதுவானாலும், கையை நனைத்துக்கொண்டு பிடித்துப் பாருங்கள். முழுக்க எவர்சில்வரில் இருப்பது அழகாக இருக்கும், ஈரக்கையில் விலாங்கு மீன் மாதிரி வழுக்கும்.

கடையில் செய்ய வேண்டிய சோதனை சுருக்கமானது. விரித்து, அலகைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள், ஆட்டம் இருக்கக்கூடாது. பூட்டுள்ள கத்தியானால், விரல்களை அலகின் பாதையிலிருந்து விலக்கிக்கொண்டு முதுகை மேசை விளிம்பில் அழுத்துங்கள், மசியக்கூடாது. மடக்கிய நிலையில் அலகு இரு பக்கமும் உரசாமல் நடுவில் நிற்க வேண்டும். திருவிழாக் கடைகளில் பன்னிரண்டு கருவிகளோடு தொங்கும் சிவப்புப் பிடி நகல்கள் இந்த முதல் சோதனையிலேயே தோற்றுவிடும்.

தீட்டுவது

மழுங்கினால் சாணை பிடிப்பவரிடம் கொடுக்கலாமே என்பார்கள். அரிவாளுக்குக் கொடுங்கள். ஒரு தடவை என் சின்னக் கத்தியைத் தெருவோடு வந்தவரிடம் கொடுத்தேன். சக்கரத்தில் பொறி பறக்க இழுத்தார், வாயோரம் மயில்கழுத்து நிறத்தில் நீலம் பூத்தது. அந்த நிறம் வந்த இடத்தில் பதம் போயிற்று என்று அர்த்தம். மெல்லிய வாய் சூட்டைத் தாங்காது. அதற்கப்புறம் அந்தக் கத்தி ஒரு கொய்யாப்பழத்துக்கு மேல் கூர் நின்றதில்லை.

ஹார்டுவேர் கடையில் ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் நைசுமாக ஒரு கார்போரண்டம் கல் கிடைக்கும். அது போதும். கல்லை ஈரத்துணி மேல் வைத்தால் நகராது. கோணம் பிடிக்க ஒரு வழி: கத்தியைக் கல்லின் மேல் நெட்டுக்குத்தாக நிறுத்துங்கள். பாதி சாயுங்கள். மறுபடி அதில் பாதி சாயுங்கள். இருபது பாகைக்குப் பக்கத்தில் வந்துவிடும். அந்தச் சாய்வு மாறாமல், கல்லிலிருந்து மெல்லிய தோல் சீவி எடுப்பதுபோல வாயை முன்னே விட்டுத் தள்ளுங்கள். ஒரே பக்கம் தீட்டிக்கொண்டே போனால் மறுபக்கத்தில் பிசிறு கட்டும். முதுகிலிருந்து வாய்ப்பக்கமாகக் கட்டைவிரலை வழித்தால் நெருடும். (வாயோடு நீளவாக்கில் தடவிப் பார்க்காதீர்கள்.) நெருடினால் அந்தப் பக்கம் போதும் என்று பொருள். திருப்பிப் போட்டு மறுபக்கம். பிறகு நைசுப் பக்கத்தில் லேசான கையோடு மாற்றி மாற்றிப் பத்து இழுப்பு. கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் வாய் பின்னால் வரும்படி இழுத்தால் மிச்சப் பிசிறும் போய்விடும். செய்தித்தாளைத் தொங்கவிட்டு அறுத்துப் பாருங்கள். கிழியாமல் வழுக்கிக்கொண்டு போனால் முடிந்தது.

பெரும்பாலோர் தோற்பது பிசிறு வருவதற்கு முன்பே பக்கம் மாற்றுவதால்தான்.

பராமரிப்பு அதிகம் இல்லை. சேறு பட்டால் விரித்து அலசி, நிழலில் விரித்தபடியே உலர்த்தி, மடக்கும் ஆணியில் ஒரு சொட்டுத் தையல் மெஷின் ஆயில். பழம் நறுக்கும் கத்தியின் அலகில் அதைத் தடவ வேண்டாம், மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் நல்லது. தேங்காயெண்ணெய் நாளாக நாளாகச் சிக்குப் பிடித்துப் பிசுபிசுக்கும். பூச்சிமருந்துப் பாக்கெட்டுக்கு மட்டும் கடையில் ஒரு கத்தரிக்கோலை ஆணியில் தொங்கவிட்டு விடுங்கள். அந்த வேலை பையிலிருக்கும் கத்திக்கு ஒருநாளும் வேண்டாம்.

தம்பி மகன் கடைசியில் வாங்கியது ஏழு சென்டிமீட்டர் அலகில், துருப்பிடிக்காத எஃகில், முதுகுப் பூட்டு வைத்த சாதாரணக் கத்தி. கொண்டுவந்து காட்டியபோது கையில் தராமல் திண்ணையில் வைத்தான். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று அவன் பாட்டி சொல்லி வைத்திருக்கிறார். சண்டை வருமோ இல்லையோ, கை அறுபடாது. நான் எடுத்து விரித்து, ஆட்டிப் பார்த்து, மடக்கித் திண்ணையிலேயே திருப்பி வைத்தேன்.

புதுக் கத்தியைக் கல்லில் வைக்க அவனுக்கு மனசு வரவில்லை. வீட்டில் கிடந்த காய்கறிக் கத்தியில் பழகச் சொன்னேன். மூன்றாம் நாள் பேப்பரை அறுக்கும் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டான், ஆனால் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. மழுங்கலுக்குப் பழகிய கையோடு அவன் அம்மா வெண்டைக்காயை அழுத்தினார். நல்லவேளை, நகத்தோடு போயிற்று. நீங்களும் தீட்டினால், கத்தியை அடுக்களைக்குத் திருப்பும் முன் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.